பிள்ளையைத் திட்டுமுன் கிட்டாரைப் பாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். பிளஸ் ஒன்னில் சுரமானி சோதனையை இரண்டு பீரியட் உட்கார்ந்து செய்தவர்களுக்கு இதைப் படிக்கிற பொறுமை இருக்கும் என்று நம்புகிறேன். அந்தச் சோதனை இந்தப் பதிவுக்குத் தேவையும் படும்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. பத்து வயதுப் பையன் ஒருவன் கிட்டார் வகுப்புக்குப் போகமாட்டேன் என்கிறான். விரல் வலிக்கிறதாம். அதற்குக் குழுவில் வந்த பதில்கள்: "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை." "போன் தேய்க்கிற விரல், தந்தி அழுத்துமா?" "வலிக்காம வித்தை வருமா?" வகுப்பு நடத்துகிறவரும் தன் பங்குக்கு, விரல் நுனியில் ரத்தம் பார்க்காதவன் கிட்டாரிஸ்ட் ஆனதில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லாரும் பையனைப் பற்றிப் பேசினார்கள். கிட்டாரைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். அந்தக் கிட்டாரில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது?

ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே இருக்கும் இந்த உயரத்தைக் கிட்டார்க்காரர்கள் 'ஆக்‌ஷன்' என்கிறார்கள். அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டு போதும். அதன் தடிமன் உலகம் முழுக்க ஒரே அளவு, 0.76 மில்லிமீட்டர். எண்கள் புடைத்து நிற்காத கார்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். 12-வது ஃப்ரெட்டின் மேல் கார்டுகளை அடுக்கி, தந்தியைத் தூக்காமல் உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். ஆறாவது தந்தியின் கீழ், அதாவது தடித்த தந்தியின் கீழ், மூன்று கார்டு நுழைந்தால் சுமார் 2.3 மி.மீ. அது சாதாரண உயரம். முதல் தந்தியின் கீழ் இரண்டு கார்டும் ஒரு மயிரிழையும் இருந்தால் போதும். இது இரும்புத் தந்தி போட்ட கிட்டாருக்கான கணக்கு. நைலான் தந்திக் கிட்டாரில் இழுவிசை குறைவு, தந்தி அகலமாக அதிரும். அதனால் அதற்கு உயரம் கூடுதலாகத்தான் வைப்பார்கள்.

அந்தப் பையனின் அப்பாவிடம் இதைச் செய்யச் சொன்னேன். ஐந்து கார்டு தாராளமாக நுழைந்தது. கிட்டத்தட்ட 3.8 மி.மீ.

இப்போது சுரமானிக்கு வருவோம். பெட்டிமேல் ஒரு கம்பி, இரண்டு கத்தி முனை, தொங்கவிட்ட எடைக்கற்கள், கம்பிமேல் உட்கார வைத்த காகிதத் துண்டு. கிட்டார் என்பது ஆறு கம்பி கட்டிய சுரமானிதான். எடைக்கற்களுக்குப் பதில் முறுக்காணி இருக்கிறது. பொதுவாகப் புழங்கும் 'லைட்' செட்டில் ஆறு தந்தியின் இழுவிசையையும் கூட்டினால் ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். ஒரு வளர்ந்த ஆள் அந்தச் சின்னப் பலகையில் தொங்குகிற மாதிரி.

அந்தத் தந்தியை ஃப்ரெட் வரை கீழே இறக்க எவ்வளவு விசை வேண்டும்? உயரத்துக்கு நேர்விகிதம். முனைக்குப் பக்கமாகப் போகப் போக இன்னும் அதிகம். முதல் ஃப்ரெட் 'நட்' எனப்படும் மேல்முனைத் துண்டிலிருந்து ஏறக்குறைய 36 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. அங்கே தந்தி 1 மி.மீ. உயரத்தில் நின்றால், ஆறு தந்தியையும் ஒரே ஆள்காட்டி விரலால் படுக்க வைக்க, ஃப்ரெட்டைத் தொட மட்டும், சுமார் 2 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அதே இடத்தில் 0.4 மி.மீ. என்றால் சுமார் 800 கிராம் போதும். எஃப் கார்டு பிடிக்க முடியாமல் கிட்டாரையே விட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? உங்களுக்கும் அந்த கார்டுக்கும் நடுவில் நின்றது, அரத்தால் பத்து நிமிடம் தேய்த்திருக்க வேண்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டாக இருக்கலாம்.

வலி மட்டும் இல்லை. உயரமான தந்தியை அழுத்தும்போது அது கூடுதலாக நீள்கிறது. நீண்டால் இழுவிசை ஏறும். இழுவிசை ஏறினால் அதிர்வெண் ஏறும். இந்த மூன்று வரியையும் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன், மறந்திருக்க மாட்டீர்கள். ஆக, பிள்ளை சரியான இடத்தில்தான் விரலை வைக்கிறான், சுருதி மட்டும் மேலே போய் நிற்கிறது. நல்ல காது உள்ள பிள்ளைக்குத்தான் அது முதலில் உறுத்தும். கை வலிக்கிறது, காதும் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். அவன் கிட்டாரை மூலையில் வைக்காமல் வேறென்ன செய்வான்?

"மலை ஏறினால் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று குழுவில் ஒரு பெரியவர் எழுதினார். நல்ல உவமை. நம் ஊர் மலையையே எடுத்துக்கொள்வோம். வருஷத்தின் நாட்கள் கணக்காக 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். எழுபது வயதுப் பாட்டியும் ஏறுகிறாள், ஐந்து வயதுப் பேத்தியும் ஏறுகிறாள். ஏன் முடிகிறது? படியின் உயரம் மனிதக் காலுக்கு ஏற்றதாக இருக்கிறது. அதே படி ஒவ்வொன்றையும் முழங்கால் உயரத்துக்குக் கட்டி வைத்துவிட்டு, ஏற முடியாத பாட்டியைப் பார்த்து "உனக்குப் பக்தி போதாது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? உழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 365 படியும் அவன்தான் ஏற வேண்டும். படியைக் கொத்தன் சரியாகக் கட்டியிருக்க வேண்டும்.

விரல் நுனி காய்த்துப் போவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரும்புத் தந்தி எந்த உயரத்தில் இருந்தாலும் முதல் சில வாரம் விரல் நுனி எரியும், பிறகு தோல் தடிக்கும். வீணை வாசிக்கிறவர்கள் விரலிலும் அந்தத் தழும்பு உண்டு. அது இயல்பு. மணிக்கட்டு வலிப்பதும், கட்டைவிரல் அடியில் பிடித்துக்கொள்வதும், இரவில் கை மரத்துப் போவதும் இயல்பு அல்ல. அதைத் தவம் என்று சொல்லிக் கொடுக்கிறவர் ஆசிரியர் அல்ல.

இன்னொரு கேள்வி. வீணைக்கு இப்படி யாராவது சொல்வார்களா? 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். பலாமரத்தைக் குடைந்து, தண்டி சேர்த்து, யாளி முகம் வைத்து முடித்தாலும் அது இன்னும் வீணை ஆகாது. மெழுகில் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். அதற்கு மேளம் கட்டுதல் என்று தனிப் பெயர், தனி ஆள். காதில் சுருதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மெட்டின் இடத்தையும் உயரத்தையும் நூலளவு நகர்த்தி வைப்பார். மெட்டு தேய்ந்தாலோ மெழுகு இளகினாலோ மறுபடி கட்ட வேண்டும். மேளம் கட்டாத வீணையைக் குழந்தை மடியில் வைத்து "வாசி, வலிச்சாத்தான் வரும்" என்று எந்த வீணை டீச்சரும் சொன்னதில்லை. கிட்டார் என்று வந்ததும் அந்த அறிவை எங்கே விட்டோம்? அட்டைப் பெட்டியில் வந்ததாலேயே அது முடிந்த பொருள் என்று நினைத்துவிட்டோம்.

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியது நம் தணிகை மலையில் என்பது எல்லாருக்கும் தெரியும். முருகன் வாயில் கற்கண்டு போட்ட கதையைச் சொல்லித்தானே நாம் வளர்ந்தோம். அவர் வீணை வாசித்தவர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் என்ன செய்தார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று நம் வித்வான்கள் அதை நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பதில்லை. தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை நம் சுருதிக்குச் சேர்த்து வாசிக்கிறார்கள். கமகத்துக்குக் கை ஓட வேண்டும் அல்லவா?

நம் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இன்னொரு உதாரணம். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கட்டிய மாண்டலினை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒற்றைத் தந்தி ஐந்து போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினில்தான் உலகம் சுற்றி வாசித்தார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. ஆனால் கருவியைக் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிற புத்தி எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது. கைக்கு ஒத்துவராத பெட்டியைப் பிள்ளையிடம் கொடுத்து அவனைக் குற்றம் சொல்வது எந்த மரபிலும் இல்லை.

சரி, விலை குறைந்த கிட்டார்கள் ஏன் உயரமான தந்தியோடு வருகின்றன? காரணம் எளிது. தந்தி உயரமாக இருந்தால் கடையில் வாசித்துப் பார்க்கும்போது 'ஜர்ர்' என்று இரையாது. நட்டையும் சேடிலையும் தேய்த்துக் குறைக்கலாம், தேய்த்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது. ஆகவே தயாரிப்பவன் உயரமாகவே விட்டுவிடுகிறான். ஆறு தந்திக்கும் ஆறு பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து அறுக்க ஆள் கூலி ஆகும். விலை உயர்ந்த கிட்டாரில் அந்தக் கூலி விலையிலேயே சேர்ந்திருக்கிறது. விளைவு என்ன? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வலி குறைவான கிட்டார். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டி, சீட்டுப் பணம் எடுத்து வாங்கிக் கொடுக்கிற அப்பாவின் பிள்ளைக்கு வலி அதிகமான கிட்டார். பிறகு இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து, "பாரு, அவனுக்கு எவ்வளவு ஆர்வம்!" என்கிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கரும்பலகை தெரியாத பிள்ளையை 'மக்கு' என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பிய பள்ளிக்கூடங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கண்ணாடி போட்ட மறுவாரம் அதே பிள்ளை கணக்கில் முன்னால் வந்ததையும் பார்த்திருக்கிறோம். இது அதே கதைதான்.

இனி மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பஞ்சாயத்தைக் கேட்ட என் பழைய மாணவர் ஒருவர் பெங்களூரிலிருந்து எழுதினார்: "சார், தந்தி எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. என் கிட்டாரில் ஒரு கார்டுதான் நுழையும்." தம்பி, அதுவும் தப்பு. எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆம்ப்ளிஃபயர் பேசும், லேசாகத் தொட்டால் போதும். அக்கூஸ்டிக் கிட்டாரில் சத்தம் முழுக்கத் தந்தி அதிர்வதிலிருந்தே வர வேண்டும். அந்த அதிர்வுக்கு இடம் வேண்டும். தடித்த தந்தி அகலமாக ஆடும், ஓங்கி அடித்தால் இன்னும் அகலமாக ஆடும். இடம் போதாவிட்டால் ஃப்ரெட்டில் மோதும். மோதும்போது இரைச்சல் வரும், நாதம் செத்துப்போகும். தம்புராவில் குதிரைமேல் நூல் வைத்து ஜீவா பிடிக்கிறோமே, அந்த ரீங்காரம் நாம் வேண்டி வரவழைப்பது. இது வேண்டாமல் வருவது. மெல்லிய விரல்வாசிப்புக்கு இரண்டு கார்டு உயரம் தாங்கும், அதுவும் ஃப்ரெட்டுகள் எல்லாம் ஒரே மட்டமாக இருந்தால். ஒரு ஃப்ரெட் துளி உயர்ந்திருந்தாலும் அதற்கு முன்னால் உள்ள சுரம் இரையும். ஓங்கி அடித்துப் பாட்டுக்கு வாசிக்கிறவனுக்கு இரண்டரை, மூன்று கார்டு வேண்டும்.

அழுத்தவே தேவையில்லாத வாசிப்பும் உண்டு. விஸ்வ மோகன் பட் மோகன வீணை என்று கிட்டாரை மாற்றி மடியில் கிடத்தி, உலோகத் தண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கிறார். 1994-ல் கிராமி விருதும் வாங்கினார். அந்த வாசிப்புக்குத் தந்தி உயரமாகத்தான் நிற்க வேண்டும், தாழ்ந்தால் தண்டு ஃப்ரெட்டில் இடிக்கும். தாழ்வே நல்லது என்றும் உயரமே நல்லது என்றும் சட்டம் கிடையாது. யார் கை, என்ன வாசிப்பு என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

அதிலும் நம் ஊர் வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் வானிலை அறிக்கையில் வேலூரோடு போட்டி போடும் ஊர் இது. வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், கிட்டாரின் முன்பலகை சற்று இறங்கும், தந்தியும் இறங்கும். ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து உப்பும், தந்தி ஏறும். ஒட்டுப்பலகைக் கிட்டாரில் இது குறைவு, முழுமரப் பலகையில் அதிகம். கார்த்திகையில் நூலளவு தாழ்வாக வைத்த கிட்டார் சித்திரையில் இரையத் தொடங்கும். ஆகவே இந்தப் பக்கம் இருப்பவர்கள் கடைசி அரை மில்லிமீட்டருக்குப் பேராசைப்பட வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுச் சாமி கும்பிடப் போகவும் வேண்டாம். பசை இளகிப் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

1. முதலில் தந்தி. 12-ல் தொடங்கும் செட் இருந்தால் 10-ல் தொடங்கும் 'எக்ஸ்ட்ரா லைட்' போடுங்கள். இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 100-ஐ 144-ஆல் வகுத்துப் பாருங்கள். முதல் தந்தியில் மட்டும் சுமார் 30 சதவீதம் இழுவிசை குறைகிறது. சத்தம் கொஞ்சம் குறையும், தந்தி கொஞ்சம் அகலமாக ஆடும். படிக்கிற பிள்ளைக்கு அது பரவாயில்லை. நைலான் கிட்டாரில் மட்டும் இரும்புத் தந்தியைப் போட்டுவிடாதீர்கள். பிரிட்ஜ் தாங்காது.

2. அடுத்து கழுத்து வளைவு. முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் 14-வது ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்திக்கொண்டு நடுவில் பாருங்கள். ஒன்றிரண்டு ஏ4 தாள் நுழையும் இடைவெளி, அதாவது 0.1 முதல் 0.2 மி.மீ. இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். துல்லியமாகப் பார்க்க வேண்டும் என்றால் பைக் மெக்கானிக்கிடம் ஃபீலர் கேஜ் இருக்கும், கேட்டால் கொடுப்பார்.

3. பிறகு நட். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். மயிரிழை இடைவெளி போதும். அதிகம் இருந்தால் அந்தப் பள்ளத்தை ஆழமாக்க வேண்டும். இதை வீட்டில் செய்யாதீர்கள். ஒரு இழுப்பு அதிகமானால் திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் இரையும், வேறு நட்தான் போட வேண்டும்.

4. கடைசியில் சேடில், பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டு. 12-வது ஃப்ரெட் தந்தியின் சரிபாதி. பத்தாம் வகுப்பு ஒத்த முக்கோணங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அங்கே 1 மி.மீ. குறைய, சேடிலில் 2 மி.மீ. குறைக்க வேண்டும். மேலே இருக்கும் வளைவைத் தொடாமல், அடிப்பாகத்தைச் சமமாக உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, திரும்பப் போட்டு, சுருதி சேர்த்து அளந்து பார்க்க வேண்டும். பிரிட்ஜுக்கு மேல் சேடில் 2 மி.மீ. கூடத் தெரியாத நிலைக்கு வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். அப்புறமும் தந்தி உயரமாக இருந்தால் கோளாறு கழுத்தின் கோணத்தில் இருக்கிறது.

பிள்ளைக்கு என் சிபாரிசு: ஆறாவது தந்தி மூன்று கார்டுக்குச் சற்றுக் குறைவு, முதல் தந்தி இரண்டு கார்டு. அதற்குக் கீழே போகிற ஆசை அவன் வளர்ந்து அவனாகத் தேர்ந்தெடுக்கட்டும்.

இது எல்லாம் சென்னையிலோ திருப்பதியிலோ ஒரு நல்ல கிட்டார் மெக்கானிக்கிடம் ஒரு நாளில் முடிகிற வேலை. மாதக் கணக்கில் வகுப்புக் கட்டணம் கட்டுகிறோம். கருவியை ஒரு தடவை சரிசெய்யக் காசு செலவழிக்க யோசிக்கிறோம். கிட்டார் வகுப்பு நடத்துகிற என் மாணவர்களுக்கு, நீங்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேரும் பிள்ளையின் கையைப் பார்ப்பதற்கு முன் அவன் கிட்டாரை வாங்கி எஃப் கார்டு ஒன்று பிடித்துப் பாருங்கள். உங்கள் கைக்கே கஷ்டமாக இருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் "ரத்தம் வரட்டும்" என்று விடுவது பாடம் நடத்துவது ஆகாது.

செட்டப் செய்தபின்னும் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால்? விட்டுவிடட்டும். எல்லாரும் கிட்டார் வாசிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிடிக்காமல் விடுவது வேறு. தனக்கு இசை வராது, தன் கை லாயக்கில்லை என்று பத்து வயதில் முடிவுகட்டிக்கொண்டு விடுவது வேறு. இரண்டாவதை அவன் ஐம்பது வயது வரை சுமப்பான். அப்படிச் சுமக்கிறவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். உங்களுக்கும் சொல்கிறேன், பரணில் இருக்கும் கிட்டாரை இறக்கி அளந்து பாருங்கள்.

வருகிற விஜயதசமிக்குப் பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறவர்கள் இதைப் பகிர்ந்துகொள்ளலாம். மறுப்பு இருந்தால் தாராளமாகக் கமெண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் கார்டு வைத்து அளந்து, எத்தனை நுழைந்தது என்று எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அளக்காமல் எழுதுகிற ரிக்கார்டு நோட்டில் நான் என்றைக்குமே கையெழுத்துப் போட்டதில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்
திருத்தணி